கோழியின் தீன்பையும் வயிற்றுக் கோளாறுகளும்: வளவுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கான விளக்கம்

நீண்ட காலத்தின் பின் உங்கள் வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கிணற்றை இறைத்து, பற்றையை வெட்டி, தறப்பாளோ தகரமோ போட்டு ஒரு இருப்பிடம் அமைத்த பிறகு, நல்லூர்ப் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் அடுத்ததாக வந்து சேர்வது இரண்டு மூன்று கோழிகள்தான். உறவினர் ஒருவர் ஒரு பேட்டுக்கோழியைத் தந்திருப்பார். வாழ்வாதார உதவியாகச் சில குஞ்சுகள் கிடைத்திருக்கும். திருநெல்வேலிச் சந்தையில் பார்த்து வாங்கியும் இருப்பீர்கள்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது கூட்டைத் திறந்து கோழிகளை ஓடவிட்டு வந்த குடும்பங்கள் பல. முகாம் வாழ்க்கையில் கோழி வளர்க்க இடம் இருக்கவில்லை. இடம்பெயர்ந்த இடங்களில் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு இதுவே முதற்கோழி. அவர்கள் அதற்குப் பெயர் வைப்பார்கள், மடியில் வைத்துத் தீன் கொடுப்பார்கள். உங்களுக்கு அது முட்டை. பிள்ளைக்கு அது தோழன். ஆகவே ஒரு கோழி தீன் எடுக்காமல் செட்டையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றால், வீட்டில் எல்லோருக்கும் அது கவலைதான்.

இந்தப் பகுதி கோழியின் தீன்பையிலும் வயிற்றிலும் வரும் கோளாறுகளை விளக்குகிறது. எவற்றை வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், எவற்றுக்கு மிருக வைத்தியரிடம் போகவேண்டும், எவற்றைச் செய்யவே கூடாது என்பதை இதில் காணலாம்.

உணவு செல்லும் வழி

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய தீன் மெல்லப்படாமலே கழுத்து வழியாக இறங்கி முதலில் தீன்பையில் தங்குகிறது. கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, கோழியின் வலப்பக்கமாக இந்தப் பை இருக்கும். இங்கே தீன் ஊறி மென்மையாகும். பின்பு சிறிது சிறிதாக உள்ளே இறங்கி, சமிபாட்டு நீர் சுரக்கும் சிறிய இரைப்பையையும், அதன்பின் தடித்த தசையாலான அரைப்பையையும் அடையும்.

அரைப்பை ஒரு சிறு ஆட்டுக்கல் போன்றது. கோழி கொத்தி விழுங்கிய சிறு கற்கள் அதனுள் கிடந்து தீனை அரைக்கின்றன. அரைபட்ட தீன் குடலுக்குப் போய், மீதி எச்சமாக வெளியேறுகிறது.

இந்த வழியில் எந்த இடத்தில் தடை வந்தாலும் அது முதலில் தெரிவது தீன்பையில்தான். கீழே குடலில் புழு நிறைந்திருந்தாலும், வேறு நோயால் உடல் தளர்ந்திருந்தாலும், தீன்பை இறங்காமல் நிற்கும். எனவே தீன்பை நிறைந்து நிற்பதைக் கண்டதும் அதை மட்டும் பார்க்காமல் கோழி முழுவதையும் பாருங்கள்.

அந்தியிலும் காலையிலும் தடவிப் பாருங்கள்

தீன்பைக் கோளாறை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை, உங்கள் விரல்கள் போதும்.

அந்தியில் கூடு அடையும் நேரம் தீன்பையைத் தடவுங்கள். நன்றாக மேய்ந்த கோழிக்கு அது நிறைந்து, மெதுவான பந்துபோல் இருக்கும். விடியற்காலையில் கூட்டைத் திறக்குமுன், தீன் போடுமுன் மீண்டும் தடவுங்கள். இரவில் எல்லாம் இறங்கி, பை தட்டையாக இருக்கவேண்டும். காலையிலும் நிறைந்திருந்தால் அது கோளாறு.

காலையில் தொட்டுப் பார்க்கும்போது மூன்று விதமாக இருக்கலாம்.

கல்லுப்போல் அல்லது பிசைந்த மாவுக் கட்டிபோல் இறுகி இருந்தால் அது இறுகிய தீன்பை. தண்ணீர் நிரப்பிய பலூன்போல் மெதுவாக இருந்து, சொண்டிலிருந்து புளித்த வாடை வந்தால் அது புளித்த தீன்பை. பை கீழே தொங்கி, கோழி நடக்கும்போது ஆடினால் அது தொங்கும் தீன்பை.

நலமான கோழியையும் வாரம் ஒருமுறை இப்படித் தடவிப் பழகுங்கள். நலமானது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தான் கோளாறு வரும்போது உடனே பிடிபடும்.

திரும்பி வந்த வளவில் உள்ள ஆபத்துகள்

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு, கோழிக்குத் தாராளமான மேய்ச்சல் நிலமாகத் தோன்றும். ஆனால் தீன்பைக் கோளாறு வருவதற்கான காரணங்கள் இங்கேதான் அதிகம்.

முற்றிய நீளமான புல்: வெட்டிக் குவித்த காய்ந்த புல்லைக் கோழி இழுத்து விழுங்கும். நீண்ட நார்கள் தீன்பைக்குள் சுருண்டு கயிறுபோல் முறுகிவிடும். வெட்டிய புல்லை அப்புறப்படுத்துங்கள். இளம் புல்லும் கீரையும் நல்லவை. அவற்றைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள்.

நூலும் நாரும்: தறப்பாளின் ஓரத்தில் பிரியும் நைலோன் இழை, உரப்பையின் நூல், தென்னந்தும்பு, கயிற்றுத் துண்டு ஆகியவற்றைக் கோழி புழுவென்று எண்ணி விழுங்கும். தறப்பாளின் பிரிந்த ஓரங்களை வெட்டிவிடுங்கள். கூட்டுக்குள் தும்பு பரப்பவேண்டாம்.

உடைந்த வீட்டின் கழிவுகள்: ஆணி, கம்பித் துண்டு, கண்ணாடி, பழைய வர்ணப்பூச்சுச் செதில், பற்றரித் துண்டு, ஈயத் துண்டு. பளபளக்கும் எதையும் கோழி கொத்தும். ஆணியும் கம்பியும் அரைப்பையைத் துளைக்கும். ஈயம் உடலில் கலந்தால் தீன்பை இயங்காமல் நின்று, கால்கள் தளர்ந்து, கோழி மெலியும். அந்தக் கோழியின் முட்டையிலும் ஈயம் சேரும். பிள்ளைகளுக்கு ஈயம் மிகவும் கெடுதல். இடிபாடு கிடக்கும் பக்கத்தை வேலியால் அடைத்து, துப்புரவான பக்கத்தில் மட்டும் கோழிகளை மேயவிடுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: கோழியைத் தேடியோ, அதற்கு மண் தோண்டவோ, கல் பொறுக்கவோ துப்புரவு செய்யப்படாத காணிக்குள் பிள்ளைகளை அனுப்பவேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் கோழி போய்விட்டால் அதை விட்டுவிடுங்கள், அந்தியில் அதுவாகத் திரும்பும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

நிவாரணப் பொருட்கள்: உலர்ந்த கோதுமை மா கோழியின் வாயில் பசையாகி, தீன்பையில் கட்டியாகும். பாணும் அப்படியே. உலர்ந்த கடலையும் அவரைக் கொட்டைகளும் பைக்குள் ஊறிப் பெருக்கும். இவற்றைக் கொடுப்பதானால் அவித்து, மசித்து, சிறிதளவே கொடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த தீன்: மழையில் நனைந்த அரிசி, பூத்த தேங்காய்ப் புண்ணாக்கு, நிறம் மாறிய சோளம் ஆகியவற்றில் உள்ள பூஞ்சண நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். கழுவினாலும் காய வைத்தாலும் நஞ்சு போகாது. “மனிதருக்கு ஆகாது, கோழிக்குப் போடுவோம்” என்று எண்ணவேண்டாம்.

தோட்டத்து மருந்து: வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ மருந்து அடித்த தோட்டத்தில் கோழிகளை விடவேண்டாம். மருந்துப் போத்தலையோ பேணியையோ எவ்வளவு கழுவினாலும் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பாவிக்கவேண்டாம்.

உப்பும் நச்சுச் செடிகளும்: கருவாட்டுக் கழிவும் உப்பு மிகுந்த கறியும் கோழிக்கு நஞ்சு. அலரி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை, பச்சை மரவள்ளித் தோல் ஆகியவை எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகிய தீன்பை: வீட்டில் செய்யவேண்டியவை

கோழி உற்சாகமாக நின்று, தண்ணீர் குடித்து, பை மட்டும் இறுகியிருந்தால் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்.

1. கோழியைப் பிரித்து, நிழலான இடத்தில் கரப்பின் கீழோ பெட்டியிலோ வையுங்கள். கீழே பழைய கடதாசி விரித்தால் எச்சத்தைக் கவனிக்கலாம். வைக்கோலும் தும்பும் போடவேண்டாம்.

2. ஒரு நாள், அதாவது 24 மணித்தியாலம், தீன் கொடுக்கவேண்டாம். தண்ணீரை மட்டும் எப்போதும் வையுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளைப் பட்டினி போடக்கூடாது. அவற்றை வைத்தியரிடமே காட்டுங்கள்.

3. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லீற்றர், தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் எடுங்கள். ஒருவர் கோழியைச் செட்டையோடு அணைத்து நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். மற்றவர் சொண்டின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரு சொட்டை விழுங்கிய பின்பே அடுத்த சொட்டு. தொண்டைக்குள் ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போய், கோழி உடனே இறக்கவும் கூடும்.

4. எண்ணெய் இறங்கியபின் தீன்பையை விரல் நுனிகளால் மெதுவாகப் பிசையுங்கள். தோசை மாவுக் கட்டியைக் கரைப்பதுபோல் ஓரங்களிலிருந்து உடைத்து வாருங்கள். ஒருமுறைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு முறை போதும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள்.

5. பை மெதுவாகி இறங்கத் தொடங்கியதும், குழைய அவித்த சோற்றையோ மசித்த அவித்த முட்டையையோ சிறிது சிறிதாக நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுங்கள். இரண்டு காலைகள் தொடர்ந்து பை வெறுமையாக இருந்தபின் வழமையான தீனுக்குத் திரும்பலாம்.

இரண்டு நாளில் மாற்றம் இல்லையென்றால் மேலும் காத்திருக்கவேண்டாம். நூலோ கம்பியோ உள்ளே இருக்கலாம். முன்பு ஊரில் சிலர் சவர அலகால் தீன்பையைக் கீறி, அடைப்பை எடுத்து, நூலால் தைப்பதுண்டு. அதைப் பார்த்துப் பழகியவர்கள் இப்போதும் இருக்கலாம். ஆனால் பையும் தோலும் தனித்தனியாகத் தைக்கப்படவேண்டும். நோவு மருந்தும் சுத்தமும் இல்லாமல் அதைச் செய்தால் கோழி மிகுந்த வேதனைப்படும், பெரும்பாலும் சீழ் பிடித்து இறக்கும். அறுவைச் சிகிச்சையை மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

புளித்த தீன்பை

தீன் இறங்காமல் நாட்கணக்கில் கிடந்தால் அது புளித்து, அதில் மதுவம் போன்ற ஒரு பூஞ்சணம் பெருகும். பாணும் சீனியும் பழஞ்சோறும் தேங்காய்ச் சக்கையும் அதிகம் தின்னும் கோழிகளுக்கும், அழுக்குத் தண்ணீர் குடிக்கும் கோழிகளுக்கும் இது வரும். கிருமிகொல்லி மருந்துகள் நீண்ட நாள் கொடுக்கப்பட்ட கோழிகளுக்கும் வரும்.

கோழியைப் பிரித்து வையுங்கள். அரை நாள் முதல் ஒரு நாள் வரை தீனை நிறுத்துங்கள். கொதித்தாறிய தண்ணீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். பிறகு அவித்த முட்டையும் ஒரு தேக்கரண்டி தயிரும் கொடுக்கலாம். சீனி, பாண், தானியம் ஆகியவற்றைப் பை சீராகும்வரை தவிருங்கள். தீன் பாத்திரத்தையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தினமும் கொதிநீரால் கழுவுங்கள்.

கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் உண்டு. அதைச் செய்யவேண்டாம். புளித்த நீர் மூச்சுக்குழலுக்குள் புகுந்தால் கோழி உங்கள் கையிலேயே இறந்துவிடும். இரண்டு நாளில் வாடை குறையாவிட்டால் பூஞ்சணத்துக்குரிய மருந்து தேவை. அதை வைத்தியர்தான் அளவிட்டுத் தரவேண்டும்.

தொங்கும் தீன்பை

பலமுறை அடைத்த பை, தசை தளர்ந்து கீழே தொங்கிவிடும். இது முழுமையாக மாறுவது அரிது. ஆனாலும் கோழி பல காலம் வாழலாம். ஒரேயடியாகத் தீன் போடாமல் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுங்கள். முழுத் தானியத்தைத் தவிர்த்து, குறுணியும் நனைத்த தவிடும் கொடுங்கள். அந்தியில் பையைச் சற்றுத் தாங்கிப் பிசைந்துவிடுங்கள்.

எச்சம் சொல்லும் சேதி

காலையில் கூட்டைத் திறந்ததும் எச்சத்தைப் பாருங்கள். உருண்டையாக, பழுப்பு அல்லது பச்சை கலந்த நிறத்தில், மேலே வெள்ளைப் படிவோடு இருந்தால் அது நலம். நாளில் சில தடவை மண்ணிறமாக, களிபோல், கெட்ட வாடையோடு வரும் எச்சமும் இயல்பானதே. கடும் வெயிலில் தண்ணீர் அதிகம் குடித்தால் எச்சம் இளகுவதும் நோயல்ல.

கீழ்வருவனவற்றைக் கவனியுங்கள்.

இரத்தம் கலந்த எச்சம்: பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகளில் வரும் இரத்தக் கழிச்சல். ஈரமான கூட்டில் வளரும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில்தான் இது அதிகம். மருந்து உண்டு, ஆனால் விரைவாகக் கொடுக்கவேண்டும். குஞ்சுகளை அன்றைக்கே உலர்ந்த இடத்துக்கு மாற்றி, வைத்தியரிடம் போங்கள்.

மெலிவு, வெளிறிய கொண்டை, எச்சத்தில் நூல்போன்ற புழு: குடற்புழு. புழு மருந்தை வைத்தியரிடம் பெற்று, எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாளுக்கு முட்டையை உண்ணக்கூடாது என்று கேட்டு, அதன்படி நடவுங்கள்.

குஞ்சின் பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்த வெள்ளை எச்சம்: இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்க்கவேண்டாம். குஞ்சுகளைச் சூடாக வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இறந்தால் அது தொற்று நோய்.

பச்சையும் வெள்ளையுமான நீர்க்கழிச்சல்: இதற்குக் கீழே தனியாக விளக்கம் உண்டு.

கழிச்சல் உள்ள கோழி விரைவில் வற்றிவிடும். ஒரு லீற்றருக்கான ஜீவனிப் பொதியை இரண்டு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து ஒரு நாள் வைக்கலாம். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். புளித்த தீன்பை உள்ள கோழிக்கு ஜீவனி வேண்டாம், அதில் இனிப்பு உண்டு.

ராணிகெற்: வயிற்று நோய்போல் தோன்றும் கொள்ளை நோய்

ஒரு கோழிக்கு மட்டும் தீன்பை நிறைந்திருந்தால் அது அந்தக் கோழியின் கோளாறு. இரண்டு மூன்று கோழிகள் ஒரே வேளையில் தூங்கி நின்று, பச்சை வெள்ளையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுகிக் கொண்டால் அது ராணிகெற் நோயாக இருக்கலாம். வெள்ளைக் கழிச்சல் என்று சொல்வதும் இதைத்தான். இந்தியாவின் இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றின் பெயரே இந்த நோய்க்கு நம் பக்கத்தில் நிலைத்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் பெயரால் அழைக்கிறார்கள்.

இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். ஒரு வாரத்தில் ஒரு ஒழுங்கை முழுவதும் கோழியில்லாமல் போகலாம். ஆனால் தடுப்பூசி நல்ல பாதுகாப்புத் தரும். அது நோய் வருமுன், நலமான கோழிக்குப் போடவேண்டியது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்பவும் போடவேண்டும். நாலைந்து கோழிதானே என்று விடாமல், அயலவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் போட ஒழுங்கு செய்யுங்கள். ஒரு மருந்துப் போத்தல் பல கோழிகளுக்குக் காணும். திறந்தபின் அதை வைத்திருக்க முடியாது.

புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேருங்கள். நோய் கண்ட கோழியை விற்கவும் வேண்டாம், அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

மண்ணெண்ணெய், சவர்க்காரத் தண்ணீர், புகையிலைச் சாறு ஆகியவற்றைக் கோழிக்குப் பருக்கவேண்டாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மனிதருக்கான குளிசைகளையும் கிருமிகொல்லிகளையும் கொடுக்கவேண்டாம். அளவு தெரியாமல் கொடுத்தால் கோழிக்கும் கெடுதல், அதன் முட்டையை உண்ணும் பிள்ளைக்கும் கெடுதல்.

மஞ்சள், உள்ளி, வேப்பிலை போன்றவற்றைச் சிறிதளவு தீனில் கலப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அவற்றை நம்பி வைத்தியரிடம் போவதைப் பிந்தவிடாதீர்கள்.

நோயால் சாகப்போகும் கோழியை அறுத்துக் கறியாக்கவேண்டாம். பஞ்ச காலத்தில் இது கடினமான சொல் என்று அறிவோம். ஆனாலும் அந்த இறைச்சி வீட்டாரை நோயில் தள்ளலாம், கழுவிய தண்ணீர் மற்றக் கோழிகளுக்கு நோயைப் பரப்பும்.

தீன், தண்ணீர், கல்

தீன்: வளர்ந்த கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் தீன் வேண்டும். நன்றாக மேயும் ஊர்க்கோழிக்கு இதில் ஒரு பங்கை வளவே கொடுத்துவிடும். அரிசிக் குறுணி, தவிடு, குரக்கன், புதிய புண்ணாக்கு, நறுக்கிய முருங்கையிலை, கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். நனைத்த தீனை அன்றன்றே முடியுங்கள், மிஞ்சியதைக் கொட்டுங்கள்.

தண்ணீர்: ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லீற்றர் வரை குடிக்கும், கோடையில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீன் பையிலேயே இறுகும். சிரட்டையோ சட்டியோ நிழலில் வைத்து, நாளுக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். கிணற்றுக்குப் புதிதாகக் குளோரின் இட்டிருந்தால், கடும் வாடை போகும்வரை கோழிக்கு வேறு தண்ணீர் வையுங்கள். உவர்த் தண்ணீரைத் தவிருங்கள்.

கல்: யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலம் சுண்ணக்கல். சுண்ணக்கல் துண்டும் சிப்பித் துண்டும் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தரும். ஆனால் அவை அரைப்பையில் விரைவில் கரைந்துபோகும், தீனை அரைக்க உதவா. அரைப்பதற்குக் கருங்கல் போன்ற கரையாத கல் வேண்டும். கட்டட வேலைக்கு வரும் கருங்கல் சல்லியில் உதிர்ந்த, நெல்லளவான துணிக்கைகளைத் தூசி போகக் கழுவி, ஒரு சிரட்டையில் வைத்துவிடுங்கள். தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். சீமெந்து ஒட்டியவற்றைத் தவிருங்கள். அடைத்து வளர்க்கும் கோழிக்கு இது மிக அவசியம்.

கூடு

கோழி திருட்டுக்கும் கீரிக்கும் நாய்க்கும் பயந்து பல குடும்பங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள்ளேயே கோழியை அடைக்கின்றன. இது கோழிக்கும் நல்லதல்ல, அதே இடத்தில் உறங்கும் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. பனை மட்டை, கிடுகு, பழைய தகரம் ஆகியவற்றைக் கொண்டே நிலத்திலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் சிறு கூடு அமைக்கலாம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் கணக்கிடுங்கள். அடித்தட்டில் சலாகை இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழும். வாரம் ஒருமுறை அள்ளி, சாம்பல் தூவுங்கள். அள்ளிய எச்சத்தை மக்கவைத்தால் தோட்டத்துக்கு நல்ல பசளை.

மாரி தொடங்குமுன், புரட்டாதியிலேயே கூரையைப் பாருங்கள். கூடு ஈரமில்லாமல் இருந்தால் பாதி நோய் வராது.

பிள்ளைகளும் கோழியும்

பிள்ளைகள் கோழியோடு விளையாடட்டும். ஆனால் கோழியை முத்தமிடுவதும், முகத்தோடு அணைப்பதும், சாப்பிட்டுக்கொண்டே தூக்குவதும் வேண்டாம். நலமான கோழியின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் கிருமிகள் இருக்கலாம். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். கோழி அடுப்படிக்குள் வரவேண்டாம். அதன் பாத்திரங்களை வீட்டுப் பாத்திரங்களோடு கழுவவேண்டாம்.

தீன்பையைத் தடவிப் பார்க்கும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். அந்தியில் ஒருமுறை, காலையில் ஒருமுறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

கோழி இறந்துவிட்டால், அதைப் பிள்ளைக்கு மறைக்கவேண்டாம். எத்தனையோ இழப்புகளைக் கண்ட பிள்ளைகளுக்குச் சிறு இழப்பும் பெரிதாகத் தோன்றலாம். நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அடக்கம் செய்யும்போது பிள்ளையும் தள்ளி நின்று பார்க்கட்டும்.

இறந்த கோழியைக் கிணற்றுக்கு இயன்றவரை தூரத்தில், இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில், சாம்பலோ சுண்ணாம்போ தூவிப் புதையுங்கள். நமது சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு விரைவாக நிலத்தடி நீரைச் சேரும். தோண்டும் இடம் வெடிபொருள் அகற்றப்பட்ட இடம்தானா என்பதை முன்பே உறுதிசெய்யுங்கள். பற்றைக்குள்ளோ பாழ்கிணற்றுக்குள்ளோ வீசவேண்டாம். அழுகும் உடலில் உண்டாகும் புழுக்களைத் தின்னும் கோழிகளுக்குக் கழுத்துத் துவளும் நஞ்சு ஏறும்.

எப்போது உதவி தேடவேண்டும்

கீழ்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கவேண்டாம்.

- இரண்டு நாள் பார்த்தும் தீன்பை இறங்கவில்லை.
- கோழி தண்ணீரும் குடிக்கவில்லை.
- எச்சத்தில் இரத்தம் இருக்கிறது.
- மூச்சு வாங்குகிறது, கழுத்து முறுகுகிறது, கால் இழுக்கிறது.
- ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் நோயுற்றன அல்லது இறந்தன.

உங்கள் பிரதேசத்துக்குரிய அரச மிருக வைத்திய அலுவலகம் எங்கு இயங்குகிறது என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு, நோய் வருமுன்னரே தெரிந்து வையுங்கள். அங்குள்ள கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரிடம் தடுப்பூசி நாட்களையும் கேட்டறியலாம். போகும்போது கோழியைக் காற்றோட்டமான பெட்டியில் கொண்டு போங்கள். அன்றைய எச்சத்தில் சிறிது கடதாசியில் மடித்து எடுங்கள். எப்போது தொடங்கியது, என்ன தின்றது, என்ன கொடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல கோழிகள் இறக்கின்றன என்றால் கொண்டு போகாமல், ஒருவர் மட்டும் சென்று அறிவியுங்கள்.

இந்தப் பக்கங்களை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். இன்று அந்தியில் கோழிகள் கூடு அடையும்போது ஒவ்வொன்றின் தீன்பையையும் தடவிப் பாருங்கள். நாளைக் காலையில் கூட்டைத் திறக்குமுன் மீண்டும் தடவுங்கள். எல்லாம் வெறுமையாக இருந்தால் உங்கள் கோழிகள் நலம்.